பேனரில் இருந்த தேதி

மகிழினி வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாள், பக்கத்து மேசைக்காரன் செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். அவள் வயதுக்கு வந்தபோது ஊரில் வைத்த சடங்கு பேனர். பதிமூன்று வயதில் தாமரைமேல் உட்கார வைத்த படம், கீழே கொட்டை எழுத்தில் பெயரும் தேதியும். “மேடம், தாமரையில உக்காந்திருக்கிறது நீங்கதான?” என்று இளித்தான். வெளியே வந்து தாய்மாமனுக்குப் போன் போட்டாள். “அந்த ஃபேஸ்புக் படத்த அழிச்சுத் தொலைங்க மாமா.” “எம் மருமகள நான் போடாம எவன் போடுவான்? அதுக்குப் பாஸ்வேர்டு மறந்தே மூணு வருசமாச்சு ஆத்தா.”

மாமாவின் புத்தி அவளுக்குத் தெரியும். அவருடைய ஃபேஸ்புக் கணக்கில், பேனரில் இருந்த பெயரையும் தேதியையும் பாஸ்வேர்டாகச் சேர்த்து அடித்தாள். திறந்துகொண்டது. ஊர் பார்க்கத் தொங்கவிட்ட தேதிதான் பூட்டுக்குச் சாவி. த்தூ!

படத்தை அழிக்கப் போனவள் இன்பாக்ஸைப் பார்த்து நின்றாள். “பொண்ணு இப்ப எங்க இருக்கு?” என்று எவனோ கேட்டிருந்தான். மாமா மூன்று வருடமாகத் திறக்காத கணக்கிலிருந்து நேற்று பதில் போயிருந்தது. அவளுடைய ஹாஸ்டல் பெயர். அவள் அங்கே சேர்ந்தே நாலு நாள்தான். வேறு எவனோ இதே சாவியைப் போட்டு உள்ளே புகுந்திருக்கிறான்.

கேட்டவனுக்கே, “அந்தப் பொண்ணு நான்தான்டா பேசுறேன். உன் பேரைச் சொல்லு” என்று தட்டி அனுப்பினாள். எதிர்ப்பக்கம் பதில் தட்டும் மூன்று புள்ளிகள் துள்ளத் தொடங்கின.