டொரத்தியின் மீசை

"இன்னும் ஒரு பெட்டி குடுங்க டாக்டரய்யா. ரத்தப்போக்கு நிக்கவே மாட்டேங்குது."

எவனோ லாரி டிரைவர் உள்ளே வந்துவிட்டான் என்று நினைத்துத்தான் டாக்டர் கிரகோரி நிமிர்ந்தார். எதிரே நின்றவள் டொரத்தி. மலாயாவில் கூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரி ஆயா. நாலு மாதத்துக்கு முன்வரை அவள் மாதா கோயிலில் பாட எழுந்தால் ரப்பர் மரங்கள்கூடப் பால் வடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கும். இப்போது அவள் 'ஆமென்' சொன்னால் கோயில் கூரையின் தகரம் அதிர்ந்தது.

"கிட்ட வா."

கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ரம்புத்தான் பழம்போல் சிவந்திருந்தது. மேலுதட்டில் கருகருவென்று அரும்பு. கன்னமெல்லாம் பரு.

"ரத்தம் போறவ கண்ணா இது? எப்ப நின்னுச்சு?"

"ரெண்டு மாசமாச்சு."

டாக்டருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் முந்திக்கொண்டு வந்தது. வெள்ளைக்கார டாக்டர் ஜப்பான்காரனுக்குப் பயந்து சிங்கப்பூருக்கு ஓடியபோது விட்டுப்போன மருந்து அது: டெஸ்டோஸ்டிரோன், ஆண் சுரப்பு ஊசி. பெண்களின் உதிரப்போக்கை நிறுத்தவும் அந்த நாளில் அதைப் போடுவார்கள். மூன்று தோட்டங்களுக்குச் சைக்கிள் மிதிப்பவருக்கு வாராவாரம் வர முடியாது. ஊசி போடத் தெரிந்தவள்தானே என்று பெட்டியையே நம்பிக் கொடுத்திருந்தார். வாரத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒரு பெட்டி.

"மொதப் பெட்டி கை தவறி ஒடைஞ்சிருச்சுன்னியே?"

"பொய்."

"ரெண்டாவது?"

"அதையும் போட்டுக்கிட்டேன்."

"அலமாக்! அளவு மீறினா மீசை மொளைக்கும்னு அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"சொன்னீங்கதான்."

"ஈரல் கெட்டுப்போகும். போன கொரலு திரும்பி வராது. நான் டாக்டரா, இல்ல மருந்து தர்ற முட்டாளா? இனிமே நீ வயித்துவலின்னு உருண்டாக்கூட நான் நம்பணுமா?"

அப்போது வெளியே ஒரு லாரி உறுமியது. டாக்டர் மேசைக்கு அடியில் பாதி குனிந்துவிட்டார். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் தோட்டத்து நாய்கள்கூடக் குரைப்பதை விட்டுவிட்டுக் குழி தோண்டி ஒளிந்துகொள்ளும். டொரத்தியோ ஒரே பாய்ச்சலில் ஜன்னலுக்கு ஓடினாள். லாரி நிற்காமல் போனது. திரும்பியவளின் கண் கலங்கியிருந்தது.

டாக்டருக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. இவள் புருஷன் வாலண்டைனைச் சயாமில் ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போய் நாலு மாதம். வீட்டில் துணையில்லை. போன வாரம்தான் பக்கத்துத் தோட்டத்தில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து பெண்களைத் தேடினார்கள்.

"சிப்பாய்ங்களுக்குப் பயந்துதானே இந்த வேசம்?" என்றார், குரலைத் தாழ்த்தி.

டொரத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாம்லா? நான் என்ன மிருகமா?" அலமாரியின் அடித்தட்டிலிருந்து கடைசி நாலு ஊசிகளை எடுத்துக் கொடுத்தார். "இதோட முடிஞ்சது. மாதா உன்னைக் காப்பாத்தட்டும்."

மறு வாரம் வியாழக்கிழமை காலை, நிஜமாகவே லாரிகள் வந்து நின்றன.

பெரட்டுக் களத்தில், தினமும் வேலைக்குப் பெயர் கூப்பிடும் அதே இடத்தில், ஆண்களை வரிசையாக நிறுத்தினார்கள். சயாமுக்கு இன்னும் நாற்பது பேர் வேண்டுமாம். டாக்டர் ஒவ்வொரு நெஞ்சிலும் குழாயை வைத்துத் தேறும், தேறாது என்று சொல்ல வேண்டும். அவர் முதுகுக்கும் துப்பாக்கிக் கத்தியின் முனைக்கும் இடையில் ஒரு கொசு நுழைய இடமில்லை. மூன்று பேரைத் தேறாது என்றதற்கே கன்னத்தில் ஓர் அறை விழுந்திருந்தது. சத்தம் நாற்பது மைலுக்கு அப்பால் யோங் பெங் வரை கேட்டிருக்கும்.

வரிசையின் கடைசியில் காக்கிச் சட்டை, சிலுவார்க் கால்சட்டை, ஒட்ட வெட்டிய தலை. டாக்டர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமும் இல்லை. சட்டைக்குள் குழாயை விட்டார். நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டிய துணி தட்டுப்பட்டது.

நிமிர்ந்தார். மீசை. பரு. டொரத்தி!

குழாய் கையிலிருந்து நழுவியது. ஊசி கொடுத்த கை அல்லவா! ஒரு சிப்பாயிடமிருந்து காப்பாற்றப் போய் இந்தக் கூட்டத்துக்கே பிடித்துக் கொடுத்துவிட்டோமே! சயாமுக்குப் போனவர்களில் ஒருவர்கூட இன்னும் திரும்பவில்லை.

"ஐயோ, ஆம்பளைன்னு நெனைச்சு உன்னைப் புடிச்சிட்டானுங்களா?" உதடு அசையாமல் முணுமுணுத்தார். "பயப்படாத. இது பொம்பளைன்னு இப்பவே சொல்லிடுறேன். என்னை வெட்டினாலும் சரி."

சிப்பாய் பக்கம் திரும்பி அவர் வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. டொரத்தி அவர் கால்விரல்களைத் தன் பூட்ஸால் அழுத்தி மிதித்திருந்தாள்.

"தேறும்னு சொல்லுங்க டாக்டரய்யா, உங்க கால்ல விழறேன்" என்று அந்தக் கட்டைக் குரல் அவர் காதோரம் கெஞ்சியது. "எம் புருசனப் புடிச்ச அன்னைக்கு அவரோட நானும்தான் லாரில ஏறி உக்காந்தேன், பொம்பளைக்கு எடமில்லன்னு எறக்கி வுட்டுட்டானுங்க."