முந்நூறு கிலோமீட்டர்

"பத்தரைக்கு வெயில் ஏறி, காத்து மேலே எழும்ப ஆரம்பிக்கும். மூணு மணிக்கு மேல இடி, மழை. நடுவுல நாலரை மணி நேரம் இருக்கே, எனக்குத் தாராளம்!" சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தபடி சொன்னாள் மனைவி.

"மூணுன்னு மழைகிட்ட கையெழுத்து வாங்கிட்டியா?" என்றார் கணவர்.

வாரம் முழுக்க ஊரார் பல்லைப் பிடுங்குகிற டாக்டர் அவள். ஞாயிற்றுக்கிழமையானால் கிளைடரில் பறந்தாக வேண்டும். எஞ்சின் இல்லாத விமானம் அது. வெயிலில் சூடாகி மேலே எழும் காற்றைப் பிடித்துப் பிடித்துத்தான் போக வேண்டும். காற்று கைவிட்டால் கண்ணில் பட்ட வயலில் இறங்க வேண்டியதுதான். அப்போது காரில் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு போய், கிளைடரைக் கழற்றி ஏற்றி, மனைவியையும் ஏற்றிக்கொண்டு வருவது கணவரின் வேலை. பறக்கும் சங்கத்தில் அவருக்குத் 'தரைப்படை' என்று பெயர்.

"இந்த சீசன்ல இதுதான் கடைசி நல்ல நாள். முந்நூறு கிலோமீட்டர் முடிச்சா பேட்ஜ். ரெண்டு தடவை கோட்டை விட்டாச்சு."

"கோட்டை மட்டுமா விட்ட? போன தடவை புயல் காத்துல வயல்ல இறங்கி, மணிக்கட்டையும்ல உடைச்சுக்கிட்ட!"

"ஆறு வாரம் எனக்குத் தலை வாரிவிட்டீங்க. அதைச் சொல்லிக் காட்டுறீங்களா?"

"நான் வாரின லட்சணத்துக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்."

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. 'போகாதே' என்று வாய் வரை வந்தது. சொன்னால் நிஜமாகவே போகாமல் இருந்துவிடுவாள். அப்புறம் அந்த முகத்தை யார் பார்ப்பது?

"ஏரிக்கு மேல வரும்போது மைதானம் பக்கம்தான். அப்போ மேற்கே கறுத்திருந்தா திரும்பிடுறியா?"

"பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். இருபது வருடக் குடித்தனத்தில் அதுகூடத் தெரியாதா அவருக்கு?

மைதானத்தில், மேலே குளிரும் என்று அவரே அவள் ஜாக்கெட்டைச் சரிசெய்து, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டார். பிறகு பெல்ட்டையும் அவரே மாட்டிவிட்டார். பத்தரைக்கு, கம்பியைச் சுருட்டும் விஞ்ச் எந்திரம் தரையிலிருந்து இழுக்க, கிளைடர் ஜிவ்வென்று ஏறியது.

மழை சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. ஒன்றரைக்கே மேற்கு வானம் கறுத்தது. சங்கத்து அறையில் வயர்லெஸ்ஸை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தார் கணவர்.

"ஏரிக்கு மேல இருக்கேன்," அவள் குரல் கரகரத்தது. "இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர்தான் பாக்கி. மேற்கே கொஞ்சம் கறுப்பா இருக்கு. போய்ப் பார்க்கிறேன். முடியலைன்னா எங்கயாவது வயல்ல இறங்கிடறேன், வந்துடுங்க."

"வந்துடறேன்," என்றார்.

ஐந்து நிமிடம் போயிருக்கும்.

"என்னங்க... கார் சாவி என் பாக்கெட்ல இருக்கு!"

அறையே கொல்லென்று சிரித்தது. விஞ்ச் ஓட்டுபவர் மைக்கைப் பிடுங்கினார். "டாக்டரம்மா, ட்ரெய்லர் மாட்டுற கொக்கி இருக்கிறதே உங்க கார்ல மட்டும்தான்! வயல்ல இறங்கினா வரப்புல உட்கார்ந்து தவளைக்குத்தான் பல்லு பார்க்கணும்!"

வயர்லெஸ் மறுபடி கரகரத்தது.

"என் மறதிதான். சரி, திரும்பறேன்," என்றாள்.

கிளைடரைத் தள்ளிக்கொண்டுபோய்க் கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவதற்கும் ஆலங்கட்டி மழை கொட்டுவதற்கும் சரியாக இருந்தது. ஆளாளுக்கு அவள் மறதியைக் கிண்டலடித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். கணவர் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை.

மழை குறைந்ததும் இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில் அவர் காரின் வேகத்தைக் குறைத்தார்.

"பேட்ஜ் போச்சேம்மா," என்றார்.

"அடுத்த சீசன்ல வாங்கிட்டாப் போச்சு," என்று அவர் தோளில் சாய்ந்துகொண்டாள் அவள். "ஆனா ஒண்ணு. அடுத்த தடவை சாவியை மேல் பாக்கெட்ல போடுங்க. பெல்ட்டுக்கு அடியில போட்டுட்டீங்களா, கிளம்பினதுலேருந்தே இடுப்புல குத்திக்கிட்டே இருந்தது!"