ஓட்டிப் பார்க்க வந்தவர்

“அடியில லேசா ஒழுகும். முன்னாடியே சொல்லிடறேன்,” என்றார் ஆரின், சுக்கானைப் பிடித்தபடி.

“எந்தப் படகுதான் ஒழுகல?” என்றார் வெண்டல்.

“இது மழை பெஞ்சா மேலயும் ஒழுகும்.”

ஹட்சன் ஆறு அகன்று தெற்கே போய்க்கொண்டிருந்தது. இரு கரையிலும் மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. அக்டோபர் முடியப்போகிறது. இனி எல்லாப் படகுகளையும் கரையேற்றித் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். வசந்தம் வரை ஆற்றில் ஈ காக்கை இருக்காது.

வெண்டலுக்கு உள்ளே உறுத்தியது. அவர் படகு வாங்க வரவில்லை. வாங்கும் வசதியும் இல்லை. மனைவி இறந்த பிறகு, சனிக்கிழமையானால் ‘படகு விற்பனைக்கு’ விளம்பரம் தேடி ஃபோன் செய்வார். வாங்க வருகிறவர்களை ஆற்றில் ஒரு சுற்று அழைத்துப் போய்க் காட்டுவது இங்கே வழக்கம். அரை நாள் காற்று, தண்ணீர், பேச்சுத்துணை. இறங்கும்போது, “யோசிச்சு சொல்றேன்.” இதுவரை யாரிடமும் மாட்டியதில்லை.

ஆனால், தன் சரக்கைத் தானே குறை சொல்லும் ஆளை இன்றுதான் பார்க்கிறார். இவ்வளவு நேர்மையான மனிதரையா ஏமாற்றுவது?

“இஞ்சின் எப்படி?” சும்மா கேட்டுவைத்தார்.

“இருமும். மனசு வந்தா கிளம்பும். பாய்மரத் துணியைப் பாருங்க, தையல் விட்டுப் போச்சு.”

“நல்லாத்தானே இருக்கு.”

“முதல்ல உங்க மூக்குக் கண்ணாடியை மாத்துங்க.”

இருவரும் சிரித்தார்கள். ஆரின் ஃபிளாஸ்கிலிருந்து சூடான ஆப்பிள் சாறு ஊற்றிக் கொடுத்தார்.

“கலங்கரை விளக்கத்தோட திரும்பிடலாம்னீங்களே?”

“காத்து தோதா இருக்கு. அடுத்த வளைவு வரைக்கும் போவோம். உங்களுக்கு அவசரமா?”

“என்னை யாரு தேடப்போறா?” வாய் தவறி வந்துவிட்டது.

ஆரின் அவருக்கு இன்னும் கொஞ்சம் சாறு ஊற்றினார். அடுத்த வளைவிலும் திரும்பவில்லை.

துறைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. கட்டவேண்டிய கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆரின் கேட்டார்:

“சரி... என்ன முடிவு பண்ணீங்க?” முகம் வெளிறிப் போயிருந்தது.

வழக்கமான பதில் வெண்டலின் நாக்கில் நின்றுவிட்டது.

“மன்னிச்சிடுங்க ஆரின். நான் வாங்க வந்தவன் இல்ல. என்னால வாங்கவும் முடியாது. லீவு நாள்ல வீட்டுக்குள்ள இருக்க முடியல. இப்படித்தான் படகு படகா ஏறி இறங்கறேன். உங்க நாளைக் கெடுத்துட்டேன்.”

ஆரின் அவரையே பார்த்தார். பிறகு பலகையில் தொப்பென்று உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

“காலையிலேர்ந்து வயித்துல புளியைக் கரைச்சிட்டீங்களே. எங்க வாங்கிக்கறேன்னு சொல்லிடுவீங்களோன்னு, ஒழுகாத படகை ஒழுகுதுன்னு சொல்லிட்டு வந்தேன். எனக்கு இதை விக்கிற எண்ணமே இல்ல வெண்டல். விக்கிறேன்னு விளம்பரம் போட்டாத்தான், யாராவது வந்து எதிர்ல உட்கார்றாங்க.”