மேகத்துக்கு மேலே ஒரு கை

2047 மார்ச் 3, சென்னை சாலிகிராமம்: பழைய புராணப் படம் ஒன்றின் புதுப்பித்த வடிவம் மாலை ஆறு மணிக்கு வெளியாகும். வீடுகளில் இருக்கும் பிரதிகளும் அதோடு தாமாகவே மாறிவிடும்.

ஐந்தரை மணிக்குப் பூங்கோதை சீரமைப்புக் கூடத்தில் மன்றாடிக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தில் பறக்கும் தேரின் கம்பியைப் பிடித்த கை ஒன்று தவறுதலாக மூன்று நொடி தெரியும். அது அவள் அப்பாவின் கை என்று அம்மா காட்டியிருக்கிறாள். அவள் பிறக்கும் முன்பே இறந்தவர். வீட்டில் ஒரு புகைப்படம்கூட இல்லை.

"அந்தக் கையப் பாத்து ஜனங்க சிரிக்கிறாங்கம்மா, அதான் புதுசுல அழிச்சுட்டோம்," என்றான் சீரமைப்பாளன் நெல்சன்.

"சிரிச்சிட்டுப் போகட்டும் தம்பி. பொண்ணு நானே கோவிச்சுக்கல, உங்களுக்கென்ன?"

"எங்க சார் சொல்லாம நிறுத்த முடியாது. அவரு போனே எடுக்கல."

"கால்ல விழுறேம்ப்பா."

"ஐயோ, எழுந்திரிங்க!" அவன் மறுபடி அழைத்தான். சார் எடுக்கவில்லை.

ஆறு மணி கடந்ததும் அவள் தன் கைபேசியில் இருந்த பிரதியை ஓட்டினாள். தேர் மட்டும் பறந்து போயிற்று.