ஒட்டுப் போட்ட கிண்ணம்

கடைக்காரரைப் பார்த்ததுமே அவளுக்குப் பிடிக்கவில்லை. பழைய சாமான் விற்கிற ஆளுக்கு எதுக்கு இவ்வளவு மிடுக்கு?

“இது தொட்டிலா, தேரா? இந்த விலை சொல்றீங்க,” என்றாள், இடுப்பில் கைக்குழந்தையோடு.

“செதுக்கினவர் போய்ச் சேர்ந்து ரொம்ப காலமாச்சும்மா. குறைச்சுக்கலாமான்னு அவர்கிட்ட போய்க் கேட்க முடியாது.”

வீட்டில் அவளுக்குப் பட்டாசு என்று பேர். பக்கத்தில் மாமனார் நின்றதால் வெடிக்கவில்லை.

மாமனார் காலமெல்லாம் லாரி ஓட்டியவர். இப்போது கையில் நடுக்கம். ஒருநாள் வெந்நீர்ப் பாத்திரத்தைக் கீழே போட்டார். அதிலிருந்து எதையும் தொடுவதில்லை. பேரன் பிறந்து ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. “என் கை சரியில்லம்மா, நீயே வச்சுக்க” என்பார். கடையிலும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றார்.

மேஜைமேல் ஒரு மரப்பெட்டி திறந்திருந்தது. தொப்பி போட்ட ஒருத்தர் அதை விலை பேசிக்கொண்டிருந்தார்.

“அதென்ன, டம்ளரா?” மாமனார் எட்டிப் பார்த்தார்.

“வாத்தியம் ஐயா.”

உள்ளே வரிசையாகக் கண்ணாடிக் கிண்ணங்கள். வெங்காயச் சருகு மாதிரி மெலிசு. கடைக்காரர் விரலைத் தண்ணீரில் நனைத்து, ஒன்றின் விளிம்பில் மெல்லச் சுற்றினார்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. காற்றே வாய் திறந்து பாடுகிற மாதிரி இருந்தது. சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தை கப்பென்று நிறுத்தியது. பட்டாசுக்குக் கை மயிரெல்லாம் நின்றது.

“பெட்டியோட எடுத்துக்கறேன்,” என்றார் தொப்பிக்காரர். “ஒண்ணு குறைஞ்சாலும் எனக்கு வேண்டாம்.”

கடைக்காரர் தலையாட்டிவிட்டு மாமனாரைப் பார்த்தார். “நீங்க ஒரு தடவை சுத்திப் பாருங்களேன்.”

“ஐயோ, என் கை...”

“யார் கைன்னு கண்ணாடிக்கு என்ன தெரியும்? வாங்க.”

மாமனார் இருப்பதிலேயே பெரிய கிண்ணத்தின்மேல் விரலை வைத்தார். விரல் நடுங்கியது. கூடவே பாட்டும் நடுங்கியது. அந்த நடுக்கத்தில்தான் அதற்கு உயிரே வந்தது. கடைக்காரர் சுற்றினபோதுகூட இப்படிக் கேட்கவில்லை. அலமாரிக் கண்ணாடியெல்லாம் சேர்ந்து முனகின.

பாட்டு நின்றது. ஆசை தாங்காமல் மாமனார் அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

விழுந்தது.

தரையெல்லாம் சில்லு. மாமனாரின் முகம் செத்துப்போனது. “சொன்னேனே... என் கை சரியில்லன்னு சொன்னேனே...”

கடைக்காரர் சில்லைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். பிறகு சலித்துக்கொண்டார்.

“அட, நீங்க எதுக்கு எடுத்தீங்க? அது ஏற்கெனவே உடைஞ்சது. கோந்து போட்டு ஒட்டி வச்சிருந்தேன்.”

“என்னது?” என்றாள் பட்டாசு.

“யார் எடுத்தாலும் கையோட வந்துடும். பெரிய இடத்து ஆளுங்க எடுப்பாங்க, உடையும், கூச்சப்பட்டுக் காசு குடுத்துட்டுப் போவாங்க. நடுவுல இவர் வந்து காரியத்தைக் கெடுத்துட்டார்.”

தொப்பிக்காரர் பெட்டியை மூடினார். “அப்ப மத்ததும் ஒட்டினதுதானா?”

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தொப்பிக்காரர் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

பட்டாசு வெடித்தது. “வயசானவரை இப்படிப் பதற வச்சிட்டியே, நீயெல்லாம் மனுஷனாய்யா? உன் தொட்டிலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

மாமனாரும் சேர்ந்துகொண்டார். “எத்தனை மேடு பள்ளம் ஓட்டினவன் நான். வண்டியில ஒரு கீறல் விழுந்ததில்ல. என்கிட்டயா உன் வேலையைக் காட்டறே?”

அவர் இவ்வளவு சத்தமாய்ப் பேசி மாசக்கணக்காச்சு.

பஸ் ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேருக்கும் அவள் கதையைச் சொன்னாள். “அந்தக் கடைப்பக்கமே போகாதீங்க, சரியான பிராடு.” எல்லாரும் தலையாட்டினார்கள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் மாமனார் கையை நீட்டினார். “அவனைக் குடும்மா.”

“மாமா?”

“என் கையில ஒண்ணும் இல்ல. நான்தான் சும்மா பயந்துகிட்டு இருந்திருக்கேன்.”

கொடுத்தாள். பக்கத்திலேயே கையை வைத்துக்கொண்டாள். தாத்தாவின் கை நடுங்கத்தான் செய்தது. அந்த ஆட்டம் சுகமாய் இருந்ததோ என்னவோ, குழந்தை அப்படியே தூங்கிப்போனது.

வீட்டுக்கு வந்து டீ போட்டாள். கலக்கின ஸ்பூனைப் பழைய பீங்கான் கப்பில் போட்டாள். போன மாசம் இரண்டாக உடைந்து, அவளே ஒட்டி வைத்த கப்.

டொக்.

அவள் கை நின்றது. ஸ்பூனை எடுத்துத் திரும்பத் தட்டினாள். டொக். பக்கத்தில் இருந்த நல்ல கப்பைத் தட்டினாள். டிங்.

ஒட்டினது எங்கே பாடும்? மாமனார் விரலில் அந்தக் கிண்ணம் கடையே அதிரப் பாடிச்சே.

கூடத்தில் மாமனார், மடியில் பேரனோடு, இன்னும் பொருமிக்கொண்டிருந்தார். “திருட்டுப் பய. என்னமா நடிச்சான் பார்த்தியாம்மா?”

“ஆமா மாமா,” என்றாள் பட்டாசு, வெடிக்காமல். “என்னமா நடிச்சார்.”