வாட்ச் சொன்னா சரிதான்

"முடியலைன்னா விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? எதுக்கு இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு?"

தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமலேயே அம்மா கேட்டாள்.

மகளுக்குச் சுருக்கென்றது. அப்பா இப்போதுதான் மைதானத்திலிருந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சரிந்திருந்தார். வேர்வையில் மீசைச் சாயம் கரைந்து உதட்டோரம் வழிந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அப்பா தீயணைப்பு வண்டியில் போகிறவர். அடுத்த வாரம் ஓட்டத் தேர்வு. தேறாவிட்டால் இனி வண்டியில் ஏற முடியாது. ஸ்டேஷனில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டியதுதான்.

"நான் என்ன பண்ண? இதைப் பாரு."

கையை நீட்டினார். புது வாட்ச். ஓடி முடித்ததும் அதில் சிவப்பாக வந்திருந்தது: 'உங்கள் வயதினரோடு ஒப்பிட்டால் உங்கள் உடல் தகுதி மிக மோசம்.'

"தினமும் இதே பாட்டு. பார்த்ததும் கால் ரெண்டும் துவண்டு போகுது. நாளையிலேர்ந்து ஓடப் போறதில்லை."

"இதை வாங்குறதுக்கு முன்னாடி நல்லாத்தானேப்பா ஓடிக்கிட்டிருந்தீங்க?" என்றாள் மகள்.

"அப்போ தெரியலை. இப்போ தெரிஞ்சுபோச்சு. மெஷின் பொய் சொல்லுமா?"

அவர் குளிக்கப் போனதும், வாட்ச்சோடு இணைத்திருந்த அவருடைய போனை அம்மா எடுத்தாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எதையோ தட்டினாள். மகள் எட்டிப் பார்ப்பதற்குள் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அப்பா வந்தார்.

"நாளைக்கு ஒரு நாள் ஓடிட்டு அப்புறம் விடுங்க. வாங்கின ஷூவாவது தேயட்டும்" என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் கதவு படாரென்று திறந்தது.

"ரெண்டு பேரும் இங்க வாங்க!"

வாட்ச்சில் பச்சை. 'மிகச் சிறப்பு.'

"ஒரே ராத்திரியிலயா?" என்றாள் மகள்.

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா. உடம்புல தெம்பு உள்ளுக்குள்ளேயே ஏறிக்கிட்டு இருந்திருக்கு."

சொல்லிவிட்டு மறுபடியும் ஓடப் போய்விட்டார்!

மகள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து போன்ல என்ன தில்லுமுல்லு பண்ணினே? பொய்யை நம்பி ஓடி, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தா?"

"தேர்வு முடியற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு."

அப்பா தேறினார். வேலைக்குப் புதுசாக வந்த பையன்கள் இரண்டு பேரை முந்தினாராம். சாயங்காலம் அந்தப் பையன்களே வீட்டுக்கு வந்து, "எப்படிண்ணே?" என்று வாயைப் பிளந்தார்கள்.

அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். "எல்லாம் மனசுதான்டா. வயசைப் பத்தி நினைக்கவே கூடாது. நான் என்னைக்காவது நினைச்சிருக்கேனா?"

மகளால் பொறுக்க முடியவில்லை. அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"போதும்மா. வாட்ச்ல நீ போட்ட பொய்யை இப்பவே அவர்கிட்ட சொல்லப் போறேன்."

அம்மா டீயை வடிகட்டிக்கொண்டே சொன்னாள்:

"நான் எங்கடி பொய் போட்டேன்? வயசு இருபத்தெட்டுன்னு போட்டு வெச்சிருந்தாரு உங்கப்பா. அதை அம்பத்திரண்டுன்னு திருத்தினேன்."