காந்தம் வைத்துப் பார்த்த சைனப்

சைனப் வீட்டார் மும்பையில் தாராவியை விட்டு செம்பூர் ஃப்ளாட்டுக்குக் குடிபோகிறார்கள். மாட்டுங்கா அடுப்புக் கடையில் சைனப்புக்குக் கால் தரையில் பாவவில்லை.

மருமகள் சஃப்ரீன் நாலு பர்னர் கேஸ் அடுப்பைக் காட்டினாள். "மாமி, உங்க பிரியாணி தேக்சா இதுலதான் கச்சிதமா உக்காரும்."

"கேஸே வேண்டாம்ளா! இண்டக்‌ஷன்தான் வேணும். தீயும் இல்ல, கரியும் இல்ல, கண்ணாடி மாதிரி என்ன மினுமினுப்பு!"

மகன் பைசான் தயங்கினான். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் மான்குர்த்தில் இருக்கும் சொந்தமெல்லாம் உம்மாவின் பிரியாணிக்கு வந்து இறங்கிவிடும்.

கடைக்காரரும் எச்சரித்தார். "ஆன்ட்டி, காந்தம் ஒட்டுற பாத்திரம்தான் இதுல சூடாகும். வீட்ல வச்சுப் பாத்தீங்களா?"

"ஊசி பொறுக்குற காந்தத்தை எல்லாச் சட்டியிலயும் வச்சுப் பாத்துட்டுத்தான் வாறேன். பில்லைப் போடுங்க!"

புது வீட்டில் முதல் வெள்ளிக்கிழமை. கூடம் நிறைய சொந்தம். பைசான் பெரிய பிரியாணிப் பாத்திரமான தேக்சாவைத் தூக்கி அடுப்பில் வைத்தான். அடுப்பு 'பீப் பீப்' என்று கத்திவிட்டு அணைந்தது. குழம்புச் சட்டியை வைத்தான். அதற்கும் அதே கத்தல்.

"உம்மா! எல்லாத்துலயும் காந்தம் வச்சுப் பாத்தேன்னு சொன்னீங்களே?"

கல்யாணமான நாளிலிருந்து வெள்ளிக்கிழமைப் பகலில் உட்கார்ந்தே அறியாத சைனப், சோபாவில் சம்மணம் போட்டு டிவி ரிமோட்டை எடுத்தாள்.

"பாத்தேனே வாப்பா! ஒண்ணுலகூட ஒட்டல. அப்பவே முடிவு பண்ணிட்டேன், வாங்கினா இந்த அடுப்பைத்தான் வாங்கணும்னு. சரி, ஹோட்டலுக்கு போனைப் போடு. எனக்கு லெக் பீஸ்!"